பெற்றவர்களுக்கு என் அனுதாபம்

இத்வால் பாரிக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கவுன்சிலில் நேற்று எடுத்த முடிவு ஏன் தப்பு என்று இன்று காலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் மாடுகளிடம் சொல்வார். பென்வர்ன் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் பால் எடுக்கும் டாங்கர் லாரியை ஓட்டுவது அவர் வேலை. ஒவ்வொரு பண்ணையிலும் குழாயை மாட்டிவிட்டுப் பால் ஏறும்வரை கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். வண்டி ரேடியோவில் செய்தி, ஆட்டம், பாட்டு என எது ஓடினாலும் அந்தக் கால் மணி நேரத்தில் காது கொடுப்பார். முப்பது வருஷக் கால் மணி நேரங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பட்டப்படிப்பே வந்துவிடும் என்று அவர் மனைவி மென்னாவிடம் சொல்வதுண்டு. மென்னா அதைக் கூட்டிப் பார்த்ததில்லை.

இவ்வளவு அபிப்பிராயத்தையும் ஒரு மனிதர் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் உடம்புக்கு ஆகாது. நல்லவேளையாக ஊர்த்தாள் இருந்தது. வேல்ஸில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொந்தமாக ஒரு மாதப் பத்திரிகை உண்டு. ஊர்க்காரர்களே எழுதி, ஊர்க்காரர்களே விற்று, ஊர்க்காரர்களே படிப்பது. அதில் ஐந்தாம் பக்கம் இத்வாலுடையது. தலைப்பு 'பாலும் பேச்சும்'. கீழே பெயர் இருக்காது. 'பால்காரன்' என்று மட்டும் இருக்கும். எழுதுவது யார் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எழுதுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நாட்டு நடப்பு, பிறகு ஆட்டம், கடைசியில் பொழுதுபோக்கு. நடுநடுவே ஆண்டவர் வருவார். பெத்தானியா சபையில் இத்வால் ஒரு மூப்பர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுப்பவர். "கவுன்சில் விஷயத்தில் ஆண்டவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும், ஆனால் என்னுடையது அளவுக்கு விவரமாக இருக்குமா என்று தெரியவில்லை" என்று ஒருமுறை எழுதி, போதகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். உள்ளுக்குள் அந்த வரி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் அவர் பேனாவில் நிஜமாகவே காரம் ஏறுவது நடுவர்களைப் பற்றி எழுதும்போதுதான். ரக்பி ஆட்டத்தில் விசிலோடு ஓடுகிறவர் எவராக இருந்தாலும் இத்வாலுக்கு ஆகாது. சனிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து அவர் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாமல் ஒரு நடுவரின் மூன்று தலைமுறையை நாறடிப்பார். கெட்ட வார்த்தை நுழையாத வீடு அது.

இந்தக் கதை நவம்பர் மாத இதழைப் பற்றியது.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பென்வர்னுக்கும் பக்கத்து ஊர் ட்ரெவாரிக்கும் ஆட்டம். ட்ரெவாரியை ஜெயித்து இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு இத்வாலுக்கு வண்டி. ஆட்டத்தை ஒத்திவைக்கலாம், பாலை ஒத்திவைக்க முடியாது. பசுவுக்குச் சனிக்கிழமை தெரியாது. ஊர்ச் சங்க ஆட்டத்தை ரேடியோவிலும் சொல்ல மாட்டார்கள். திங்கட்கிழமை கறிக்கடைக்குப் போய்த்தான் விவரம் கேட்டார். கடைக்காரர் டோரியனின் மகன் கெத்தின்தான் பென்வர்ன் அணியில் ஓரத்தில் ஓடுகிறவன்.

"சொல்லுப்பா, எப்படித் தோத்தோம்?" என்றார்.

டோரியன் கத்தியைத் துடைத்துக்கொண்டே ஒரு மாதிரி பார்த்தார். "உன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது, இத்வால்."

"என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப்போற?"

"நாலு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். கடைசி நிமிஷம். கெத்தின் ஓரமா ஓடி, கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில வச்சுட்டான். அஞ்சு பாயிண்ட். ஜெயிச்சாச்சு. ஊரே மைதானத்துல குதிக்குது. அப்பப் பாத்து விசில். கால் பக்கக் கோட்டுல பட்டுருச்சாம். செல்லாதாம்." டோரியன் ஒரு பெருமூச்சு விட்டார். "போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல விரும்பல."

"நீ சொல்லாட்டி நான் சொல்றேன். அது குருட்டு ரெஃப்ரி."

டோரியன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நீயா இப்படிச் சொல்ற?"

"ஏன், நான் சொல்லக் கூடாதா? யாரா இருந்தா எனக்கென்ன? தப்புன்னா தப்புதான்."

டோரியன் மறுபடி கத்தியை எடுத்தார். பிறகு கேட்காமலே இரண்டு சாசேஜ் கூடப் போட்டுக் கட்டினார். ஊர் துக்கத்தில் இருக்கிறது, அதனால் மனசு இளகியிருக்கிறது என்று இத்வால் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினார். எப்போதும் எழுதி முடித்ததும் மென்னாவுக்கு வாசித்துக் காட்டுவார். அந்த வாரம் மென்னா தங்கைக்கு ஆப்பரேஷன் என்று ஸ்வான்சீக்குப் போயிருந்தாள். வாசித்துக் காட்ட ஆள் இல்லாததால் கூடுதலாக நாலு வரி எழுதிவிட்டார். வந்தது இது:

"நாட்டு நடப்பு: வியாழக்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக, பஸ் இல்லை என்று சொல்ல ஒரு மின்சாரப் பலகை வைத்திருக்கிறது கவுன்சில். பலகை நன்றாக வேலை செய்கிறது.

ஆட்டம்: ட்ரெவாரி ஆட்டத்தன்று நான் மைதானத்தில் இல்லை. நடுவருடைய கண்ணும் அங்கே இல்லை என்று கேள்விப்பட்டேன். விசிலை ஒரு பண்ணை நாயின் வாயில் கொடுத்திருந்தால்கூட இதைவிடச் சரியான நேரத்தில் ஊதியிருக்கும். அந்த நடுவரைப் பெற்றவர்களுக்கு என் அனுதாபம். சின்ன வயதிலேயே பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தால் இன்று ஓர் ஊரே அழ வேண்டியிருந்திருக்காது. தப்பு பிள்ளை மேல் இல்லை. வீட்டில் கவனிக்காதவர்கள் மேல்.

பொழுதுபோக்கு: டிவி பாட்டுப் போட்டியில் பாடிவிட்டு அழுதால் புரிகிறது. இப்போது பாடுவதற்கு முன்னாலேயே அழுகிறார்கள். கேட்கப் போகும் நமக்காக அழுகிறார்கள் போல."

அனுப்பிய அரை மணி நேரத்தில் ஆசிரியர் மிஸ் கைன்வென் போன் செய்தார். ஊர்ப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். காற்புள்ளி ஒன்று குறைந்தாலும் கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறவர்.

"இத்வால், எனக்கு வார்த்தையே வரல," என்றார். குரல் உடைந்திருந்தது. "இப்படி எழுத எவ்வளவு மனசு வேணும். அதுவும் அந்தக் கண் டாக்டர் வரி."

"ஏதோ வந்துச்சு, எழுதினேன், மிஸ்."

"நான் ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன்."

பத்து வருஷத்தில் அந்த அம்மாள் வாயிலிருந்து வராத வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கியபோது மிஸ் கைன்வென் எட்டி அவர் கையில் ஒரு பெப்பர்மிண்ட் வைத்தார். அந்த அம்மாளின் பெப்பர்மிண்ட் போதகருக்கே கிடைத்ததில்லை. இத்வால் அதை மெதுவாகச் சப்பிக்கொண்டு, கடைசியில் ஊருக்கு எழுத்து ருசி வந்துவிட்டது என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிரசங்கம் தாழ்மையைப் பற்றியது. அவர் காதில் விழவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு மடிப்பு. அச்சகம் தாள்களை மடிக்காமல் கட்டுக்கட்டாக அனுப்பிவிடும். பெத்தானியாவின் பின்கட்டு அறையில் நீள மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து, தாளை அடுக்கி, மடித்து, அறுநூற்று நாற்பது பிரதிகளையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். அடுத்த அறையில் டீ கொதிக்கும். அச்சான பிறகு ஊரில் யாராவது இறந்துபோனால், அடக்க நேரத்தைக் கறுப்பு ஓரம் போட்ட ஒரு துண்டுத் தாளில் எழுதி, மூலையில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷினில் நகல் எடுத்து, ஒவ்வொரு பிரதிக்குள்ளும் செருகுவார்கள். துண்டுத் தாள் சாவுக்கு மட்டும்தான். அந்தச் செய்தியைக் கொண்டுவருகிறவரும் எப்போதும் ஒருவர்தான்: சவப்பெட்டி செய்யும் வின்ஃபர்ட். அவரும் சபை மூப்பர். ஆராதனையில் இத்வாலுக்குப் பக்கத்து இருக்கையில் பத்தொன்பது வருஷமாக உட்காருகிறவர்.

இத்வால் உள்ளே நுழைந்தபோதே சிலர் ஐந்தாம் பக்கத்தைப் படித்து முடித்திருந்தார்கள். டோரியன் எழுந்து வந்து முதுகில் தட்டினார்.

"நீ ஆம்பளைடா. அன்னைக்குக் கடையில ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்றேன்னு நெனச்சேன். அச்சுலயே போட்டுட்ட."

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் இத்வால், தன்னடக்கமாக.

வின்ஃபர்ட் மட்டும் தலை நிமிரவில்லை. தாளை மடித்துக்கொண்டே இருந்தார், அதுவும் கோணலாக. சவப்பெட்டியில் ஒரு மயிரிழை பிசகாத கை அது.

மிஸ் கைன்வென் எழுந்து நின்றார். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நாற்பது வருஷமா இந்த ஊர்த்தாள் வருது. ஊர்ல ஒருத்தர் தன் சொந்த மகளோட தீர்ப்பையே தப்புன்னு எழுதினதை நான் பார்த்ததில்ல. எலெரி எட்டு வயசுல என் வகுப்புல போர்டு தெரியாம கண்ணைச் சுருக்கிட்டு உக்காந்திருப்பா. நான் சொல்லியும் இத்வால் ஒரு வருஷம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. அதையும் இன்னைக்கு ஊரறிய ஒத்துக்கிட்டார்."

இருபது பேரும் கை தட்டினார்கள்.

இத்வாலின் கை மடிப்பில் நின்றுவிட்டது. எலெரி அவருடைய ஒரே மகள். கார்டிஃபில் பல் ஆஸ்பத்திரியில் வேலை. விசிலுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அறையில் இருந்த இருபது முகத்திலும் சம்பந்தம் தெளிவாக எழுதியிருந்தது. டோரியனின் இரண்டு சாசேஜ், பெப்பர்மிண்ட், உடைந்த குரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் நினைவுக்கு வந்தன. யாரும் அவர் எழுத்தை மெச்சவில்லை. பெற்ற மகளை நடுத்தெருவில் வைத்து அடித்ததை மெச்சினார்கள்.

டீ எடுக்கப் போகிறவர்போல எழுந்து அடுத்த அறைக்குப் போனார். மென்னா கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினார்.

"எலெரி எப்ப ரெஃப்ரி ஆனா?"

மென்னா கோப்பையை வைத்தாள். "ரெண்டு வருஷம் ஆச்சு."

"உனக்குத் தெரியும்."

"பரீட்சை பாஸான அன்னைக்கே போன் பண்ணினா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்ப சொல்றது, இத்வால்? சனிக்கிழமை டிவி முன்னாடி நீ ரெஃப்ரியோட பாட்டனை இழுக்கும்போதா, இல்ல பாட்டியை இழுக்கும்போதா? அன்னைக்கு ட்ரெவாரி ஆட்டத்துக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல். கடைசி நேரத்துல வேற ஆளே கிடைக்கல. ரெண்டு சங்கமும் சரின்னு சொன்னதால இவளை அனுப்பினாங்க. நீ வண்டியில இருக்கேன்னுதான் வந்தா. ஊதிட்டு, உன் கண்ணுல படாமத் திரும்பிப் போயிட்டா." மென்னா அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன், என்ன ஆச்சு?"

அவர் ஐந்தாம் பக்கத்தை நீட்டினார். மென்னா நின்றபடி படித்தாள். பெற்றவர்கள் என்ற இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"இந்தப் பெத்தவங்கள்ல நானும் உண்டா?"

"மென்னா..."

"இன்னைக்கு மடிப்புக்கு அவ வர்றா, தெரியுமா? ஆறரைக்கு. இன்னைக்கு உன்கிட்ட சொல்லிரணும்னு லீவு போட்டுட்டு வர்றா."

மணி ஆறு இருபது.

எங்கே தப்பு என்று தேடப் போனால் ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. அவர் அங்கே இல்லை. பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதினார். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்பதாவது கட்டளை என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதிலும் அவர் மனசைக் குடைந்தது கட்டளைகூட அல்ல. ரெண்டு வருஷம். ரெண்டு கிறிஸ்மஸுக்கு அவள் அதே மேஜையில் உட்கார்ந்து, அவர் நடுவர்களைத் திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறாள்.

மனிதர் பயந்தால் முதலில் வரும் யோசனை நல்ல யோசனையாக இருப்பதில்லை. திரும்பிப் போய், மடிக்காமல் மிச்சமிருந்த ஐந்தாம் பக்கக் கட்டை முழுசாகத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தார். வெளியே நல்ல மழை. வாசல் தாழ்வாரத்தில் வின்ஃபர்ட் தனியாக நின்றிருந்தார்.

"எங்க தூக்கிட்டுப் போற?"

"மழையில போடப் போறேன். கை தவறி விழுந்துருச்சுன்னு சொல்லிருவோம்."

"போடு," என்றார் வின்ஃபர்ட் சட்டென்று. "நானும் பிடிக்கிறேன். மடிச்சதையும் பிரிச்சு எடுத்துருவோம்."

அந்த அவசரம் இத்வாலை நிறுத்தியது. காசோலையில் கையெழுத்துப் போடவே ஒரு வாரம் யோசிக்கிற மனிதர் வின்ஃபர்ட். இந்தப் பக்கம் அழிந்தால் இவருக்கு என்ன லாபம்? அப்போதுதான் நினைவு வந்தது. ஊர்ச் சங்க ஆட்டங்களில் பக்கக் கோட்டில் நின்று, கால் பட்டால் கொடி தூக்க ஆளை அந்தந்தச் சங்கமேதான் கொடுக்க வேண்டும். பென்வர்னுக்குப் பதினைந்து வருஷமாகக் கொடி பிடிக்கிறவர் வின்ஃபர்ட்.

"அன்னைக்குக் கொடி நீதானே?"

வின்ஃபர்ட் தலை குனிந்தார்.

"கெத்தின் கால் கோட்டுல பட்டுச்சா?"

வின்ஃபர்ட் உள்ளே போகத் திரும்பினார்.

"பத்தொம்பது வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், வின்ஃபர்ட். நிமிந்து பாத்துச் சொல்லு."

"பட்டுச்சு." வின்ஃபர்ட் நிமிர்ந்தார். "அன்னைக்குக் காலைல கோட்டுக்கு வெள்ளை அடிச்சதே நான்தான். ஈரம் காயல. அவன் பூட்ஸ்ல ஒட்டிருச்சு. எனக்கு ரெண்டடி தூரத்துல. கொடியைத் தூக்கணும். தூக்கணும்னுதான் நெனச்சேன். இருபத்தோரு வருஷம், இத்வால். கை வரல. உன் பொண்ணு அந்தப் பக்கத்துலருந்து ஓடி வந்து, என் கொடியைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாக்கல. நேரா அவன் பூட்ஸைப் பாத்தா. விசிலை ஊதிட்டா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊர்ல யாரும் அவளைப் பேசியிருக்க மாட்டாங்க. சொல்லல."

இத்வாலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று. ஊர் முழுக்க மைதானத்துக்குள் ஓடி வந்து குதிக்கிறது. சின்ன வயதில் மிட்டாய் கொடுத்தவர்கள், ஞாயிறு பள்ளியில் கூடப் படித்தவர்கள், கொடியோடு நிற்கும் வின்ஃபர்ட் மாமா. நடுவில் அவர் மகள் ஒருத்தி, மூக்குக்கண்ணாடிக்குப் பதில் லென்ஸ் போட்டுக்கொண்டு, இல்லை என்று கை காட்டுகிறாள். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இருந்தது. நெஞ்சு விம்மி, சட்டைப் பொத்தான் இறுக்கிப் பிடித்தது. பத்து வருஷம் எழுதி வாங்கிய கைதட்டலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கார் விளக்கு தாழ்வாரத்தில் விழுந்தது. எலெரி இறங்கி, கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா கையில் இருந்த தாள் கட்டைப் பார்த்தாள். வின்ஃபர்ட் உள்ளே போய்விட்டார்.

"அஞ்சாம் பக்கமா?" என்றாள்.

"உனக்கு எப்படி..."

"மிஸ் கைன்வென் போன வாரமே போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. 'உங்கப்பா எவ்வளவு நேர்மையானவர் பாரு'ன்னு."

"படிச்சியா?"

"மூணு தடவை."

"அழுதியா?"

"முதல் தடவை மட்டும்." அவள் முகத்தில் மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் பெத்தவங்களுக்கு அனுதாபம்னு இருந்ததைப் பாத்தேன். உங்களுக்குத் தெரியாதுன்னு அப்பப் புரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா என்னைத் திட்டியிருப்பீங்க, அம்மாவை இழுத்திருக்க மாட்டீங்க. உங்களுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது."

இத்வாலுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "ஏம்மா, உலகத்துல வேற வேலையா இல்ல? ஏன் இது?"

"சின்னப் பிள்ளைல லீவு நாள்ல உங்க கூட டாங்கர்ல வருவேன்ல. ரேடியோவுல ஆட்டம் ஓடும். நீங்க ரெஃப்ரியைக் கிழிப்பீங்க. நான் வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பாப்பேன். பத்துக்கு எட்டுத் தடவை அவங்கதான் சரியா இருப்பாங்க. பாவம், அவங்க பக்கம் பேச யாருமே இல்லியேன்னு இருந்துச்சு."

"பத்துக்கு எட்டா?"

"ஒம்பதுன்னுகூடச் சொல்லலாம்."

"மன்னிச்சிரும்மா," என்றார் இத்வால். அந்த வார்த்தையை அவர் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எலெரி தலையை ஆட்டினாள். பிறகு தாள் கட்டின் மறுமுனையைப் பிடித்தாள். "வாங்க, உள்ள வைப்போம். அச்சடிச்சதை மழையில போட்டா அழிஞ்சிருமா? ஊருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்."

இருவரும் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். இத்வால் நேராக மூலைக்குப் போய் ஜெராக்ஸ் மெஷினின் உறையை எடுத்தார்.

"மிஸ், எனக்கு ஒரு துண்டுத் தாள் வேணும்."

மிஸ் கைன்வென் கை நெஞ்சுக்குப் போயிற்று. எல்லாரும் வழக்கப்படி வின்ஃபர்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு?" என்று கேட்டார் டோரியன் மெல்ல.

"பால்காரன்," என்றார் இத்வால். "அஞ்சாம் பக்கத்துல தப்பா எழுதிட்டான். அடக்கம் இன்னைக்கே."

நின்றபடியே எழுதினார். எழுதியதை வாசித்தார். அந்தச் சனிக்கிழமை நான் அங்கே இல்லை. பார்க்காததை எழுதினேன். கால் கோட்டில் பட்டது. நடுவரின் தீர்ப்பு சரி.

டோரியன் முகம் சிவந்தது. "அதானே பாத்தேன். மகள்னு தெரிஞ்சதும் தீர்ப்பு மாறிருச்சா? அரை மணி நேரம் முன்னாடிதான் உன்னை நியாயஸ்தன்னு சொன்னோம்."

இது வரும் என்று இத்வாலுக்குத் தெரியும். பத்து வருஷப் பேர் அந்த ஒரு கேள்வியில் போய்விடும். அவரால் பதில் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பதில் வின்ஃபர்ட்டுடையது. அதை அவரே சொல்ல வேண்டும் என்று இருந்தது. "என்ன வேணா நெனச்சுக்க, டோரியன்," என்றார். "தாள் போகும்."

மேஜையின் கடைசியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அதுல இன்னொரு வரி சேத்துக்க," என்றார் வின்ஃபர்ட். எழுந்து நின்றிருந்தார். "கோட்டுல கொடியோட நின்னவன் வின்ஃபர்ட். கால் பட்டதைப் பாத்தான். கொடியைத் தூக்கல. எம் பேரை முழுசா எழுது."

டோரியன் கீழே பார்த்துக்கொண்டு, "கெத்தின் பூட்ஸைக் கழுவச் சொல்லி அவங்கம்மாகிட்ட குடுத்தான்," என்றார் யாரிடமோ. "வெள்ளை போகவே இல்லைன்னு அவ சொன்னா." பிறகு முன்னால் கிடந்த தாளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

எலெரி அப்பா கையிலிருந்து துண்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவர் இதற்குள் கீழே இன்னும் ஆறு வரி சேர்த்திருந்தார். மைதானத்தில் எத்தனை பேர் கூச்சலிட்டார்கள், அவள் எப்படி அசையாமல் நின்றாள், வேல்ஸ் முழுவதும் தேடினாலும் இப்படி ஒரு கண் கிடைக்காது என்பது பற்றி எல்லாம்.

"அப்பா, நீங்க அங்க இல்ல," என்றாள்.

இத்வால் பேனாவை எடுத்து அந்த ஆறு வரியையும் அடித்தார். ஒவ்வொரு வரியும் அவருக்கு வலித்தது. அது பத்து வருஷத்தில் அவர் எழுதியதிலேயே நல்ல ஆறு வரி. மிஸ் கைன்வென் காற்புள்ளி சரியா என்று பார்த்துவிட்டு, கறுப்பு ஓரம் வேண்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றார் இத்வால்.

மெஷின் இரைந்துகொண்டே அறுநூற்று நாற்பது துண்டுகளைத் தள்ளியது. இத்வால் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து மடித்தார். இடது பக்கம் வின்ஃபர்ட் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகினார், இப்போது நேராக. வலது பக்கம் எலெரி கட்டுக் கட்டி எண்ணினாள். மென்னா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே எப்போதும் 'பால்காரன்' என்று இருக்கும்.

"இதை யாரைக் கேட்டுப் போட்ட?" என்றாள்.

"ஏன், அதுவும் தப்பா?"

மென்னா தாளை மடித்துத் தன் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். "இல்ல. என் பேரையும் சேத்திருக்கலாம்."

அந்த மாதம் பென்வர்னில் வீடு வீடாகப் போன கறுப்பு ஓரத் துண்டின் கீழே, கொட்டை எழுத்தில், 'இப்படிக்கு, அந்த நடுவரைப் பெற்றவன்' என்று இருந்தது.